முப்பத்தேழில் முடியும் முகவரி

அக். 6, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு ஆட்கள் முழுசாக வந்தது இன்றுதான். கம்பெனி வாசலில் கட்டிய வாழைக்கன்று காய்ந்து தொங்குகிறது. கழற்ற யாருக்கும் மனம் வரவில்லையோ, நேரம் வரவில்லையோ.

இன்றைக்கு:
– பேக்கிங் லிஸ்ட் இரண்டு
– சாயச் சான்றிதழ் நகல் (மூன்றாம் முறையாகக் கேட்கிறார்கள்)
– லேபிள் பிரிண்டர் விஷயம், வரவேற்பில் இருக்கும் திலகா நச்சரிப்பு
– மூக்குக் கண்ணாடி

நான்கில் ஒன்றும் முடியவில்லை.

பத்து மணி வாக்கில் சாம்பிள் பகுதியில் சத்தம். என் அறையிலிருந்து கண்ணாடி வழியே தெரியும். முதலாளி நடுவில். சுற்றிலும் எல்லோரும்: ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள், பேட்டர்ன் போடுபவர்கள், கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள். வடக்கத்திப் பையன்கள்கூடப் பண்டலைத் தோளில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். கதவைத் திறந்தேன்.

சனிக்கிழமையே தெரிந்த விஷயம்தான். குழந்தைகள் இரவு உடை ஆர்டரில் கை நீளம் குறைவு. பொது ஃபோல்டரில் இருக்கும் அளவுக் கோப்பில் யாரோ எண்ணை மாற்றிச் சேமித்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் மொத்தமும் வெட்டியது. வெட்டிய துணியை நீட்ட முடியாது. இன்று காலை பிரபு வந்து (கணினிகளைப் பார்த்துக்கொள்பவர், பல்லடம் ரோட்டில் கடை) சர்வரைத் துழாவி, மாற்றம் செப்டம்பர் 25 அன்று நடந்தது, 192.168.1.37 என்ற ஐ.பி. முகவரியிலிருந்து நடந்தது என்று கண்டுபிடித்தார். பிறகு ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து பார்த்தார். 37 இருந்தது, மெர்ச்சண்டைசர்களில் ஒருத்தியான ஷாகிராவின் கணினியில்.

மு. குரலை உயர்த்தவே இல்லை. அது இன்னும் மோசம்.

“உன்ர சிஸ்டத்துல இருந்துதான் மாத்தியிருக்குது. என்ன சொல்றே?”

“நான் அந்த ஃபைலைத் தொடவே இல்லீங்க சார்.”

கட்டிங் மாஸ்டர், நெல்லைப் பக்கத்து ஆள்: “ஏம்மா, மெஷினு பொய் சொல்லுமா? மனுசன்தான சொல்லுவான்.” யாரோ சிரித்தார்கள்.

ஷா. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டிபன் பாக்ஸ் மேசையிலேயே.

மதியம் மு. என்னை அழைத்தார், கம்பெனிக் கடிதமெல்லாம் எழுதுவது நான்தான். வேலையிலிருந்து நீக்கும் கடிதம் எழுத வேண்டும், காரணத்தோடு. அதோடு பையருக்கு (ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு) விளக்க அறிக்கை. பிழைக்கு என்ன காரணம், யார் பொறுப்பு, இனி நடக்காமல் என்ன ஏற்பாடு. மூன்றுக்கும் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் ஒரு பெயர் வேண்டும்.

“ஐ.பி. அட்ரஸ்னா என்னங்க சார்?” என்றேன்.

“கதவு நம்பருங்க மேடம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒண்ணு. மாறாதாமா. பிரபு சொல்றாப்டி.”

“எனக்குப் புரியாததை எழுதிக் கையெழுத்துப் போட முடியாதுங்க சார்.”

சிரித்தார். “எம்.எஸ்ஸி. கணக்குப் படிச்சவங்க. உங்களுக்குப் புரியாததா? வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுங்க போதும்.”

ஷாகிராவை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எழுதி வைக்கிறேன், பிறகு நானே என்னை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. போனில் கத்திப் பேசுவாள். என் அறைக்குள் கேட்காமல் வந்து ஸ்டேப்ளர் எடுப்பாள். அவள் செய்திருக்கவும் கூடும். யாரும் செய்திருக்கக் கூடும்.

ஆனால் அந்தக் கடிதத்தோடு இந்த ஊரில் வேறு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைக்காது. ஏற்றுமதிக்காரர்கள் எல்லோரும் ஒரே கல்யாணத்தில் சாப்பிடுகிறவர்கள்.


அக். 7, செவ்வாய்

சீக்கிரம் எழுந்தேன். காபி. வீட்டு மடிக்கணினி.

விண்டோஸ் பொத்தானும் R எழுத்தும் சேர்த்து அமுக்க வேண்டும். சின்னக் கட்டம் வரும். அதில் cmd. கறுப்புத் திரை. அதில் ipconfig, பிறகு என்டர். மளமளவென்று வரிகள். IPv4 என்ற வரிக்கு நேராக இருப்பதுதான் முகவரி. எனக்கு 192.168.1.5.

இவ்வளவுதான். நானும் இத்தனை வருடம் இதை ஏதோ பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன்.

ஒரு நெருடல். அலுவலக எண்ணும் 192.168.1 என்றுதான் தொடங்குகிறது. கதவு எண் என்றால் இரண்டு வெவ்வேறு தெருவில் இருக்கும் வீடுகளுக்கு எப்படி ஒரே தெருப் பெயர்?

இணையத்தில் “என் ஐ.பி. எது” என்று தேடினேன். அங்கே காட்டியது முற்றிலும் வேறு எண். தொடர்பே இல்லை. பிழையோ என்று மறுபடி. அதே வேறு எண்.

கீழ்வீட்டு ருக்மணி அக்கா (வீட்டுக்காரம்மா, வைஃபை அவர்களுடையது, நான் மாதம் பாதி கொடுத்துவிடுகிறேன்) மாடிப்படியில் நின்று, “ஏன் கண்ணு, காலங்காத்தால கம்ப்யூட்டரு? நெட்டு வரலீங்களா?”

“வருதுங்க அக்கா. உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களா?”

“சீரியல் பாத்துட்டு இருக்கறேன், சீக்கிரம் குடுத்துருங்க.”

அவர் போனின் அமைப்புகளில் 192.168.1.3. என்னுடையது 5. இணையத்தில் தேடினால் இரண்டுக்கும் ஒரே வெளி எண். என் போனை வைஃபையிலிருந்து விலக்கி சிம்மில் போட்டால் வெளி எண்ணும் மாறிவிட்டது.

ஆக, இரண்டு வகை. வீட்டுக்குள் அந்த வைஃபை பெட்டி ஆளாளுக்குக் கொடுக்கும் எண் ஒன்று. மொத்த வீட்டுக்கும் வெளி உலகம் தெரிந்து வைத்திருக்கும் எண் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் நானும் ருக்மணி அக்காவும் அவர் சீரியலும் ஒருவரே. உள் எண்ணோ பெட்டி கொடுப்பது. கணினியோடு பிறந்தது அல்ல.

கொடுப்பது என்றால் மாற்றியும் கொடுக்கலாமே?

போனைத் திருப்பிக் கொடுத்தேன். “என்ன பார்த்தீங்க?” “நம்ம ரெண்டு பேரும் ஒரே நம்பர்ங்க.” “அதுக்கு இப்ப என்ன?” என்றார். நியாயம்.

டிபன் செய்யவில்லை. பேக்கரியில் ஒரு பன்.


அக். 8, புதன்

வெயில். மூட்டம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சாயப்பட்டறைப் பக்கமிருந்து காற்று, ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

அலுவலகத்தில் என் கணினி: 192.168.1.14. குறித்துக்கொண்டேன். அணைத்துவிட்டு மீண்டும் போட்டேன். அதே 14. மதியம் மறுபடி. 14.

நான் நினைத்தது தவறோ?

பிரபுவுக்குப் போன்.

“மாறாதுங்களா பிரபு?”

“டெக்னிக்கலா மாறலாமுங்க மேடம். ஆனா மாறாதுங்க. மூணு வருசமா நான் பாக்கறேன். பொட்டி ஞாபகம் வெச்சுக்கும், இந்த மெஷினுக்கு இந்த நம்பர்னு. மெஷினும் அதையேதான் கேக்கும். யு.பி.எஸ்ல இருக்குதுங்க, பொட்டி அணையறதே இல்ல.”

“எழுதி வச்சிருக்கீங்களா, எதுக்கு எந்த எண்ணுன்னு?”

“அதுக்குத் தேவையே வந்ததில்லீங்களே.”

நேர்மையான ஆள். பொய் சொல்லவில்லை. மூன்று வருடம் மாறாத ஒன்று மாறாது என்பது அவருடைய முடிவு. கல்லூரியில் வகுப்பு எடுத்த நாளில் இதை ஒரு மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். இப்போது சுழிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. என் 14 மாறவில்லை.

டீ வேளையில் கேட்டது, செக்கிங் பெண்கள்:

“அவ சித்தப்பா வேற கம்பெனி வச்சிருக்காராமே, வளம் பாலத்துக்கிட்ட.”

“அப்பறமென்ன, அங்க ஆர்டர் போகோணும்னுதான்.”

“அவங்க ஆளுக அவங்களுக்குத்தான் செய்வாங்க.”

“ஏக்கா, போன மாசம் உன்ர மகளுக்கு ஆஸ்பத்திரிக்கு ரத்தம் குடுத்தவ அவதானே?”

“அது வேற கண்ணு, இது வேற.”

கடைசியாகப் பேசியவர் என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வது என் வழக்கம் இல்லை. அறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அதனால் என்ன.

கடிதத்தின் முதல் வரியைத் தட்டினேன். “தாங்கள் பயன்படுத்தி வந்த கணினியிலிருந்து…” அழித்தேன்.

மூக்குக் கண்ணாடி இன்னும் வாங்கவில்லை.


அக். 9, வியாழன்

விடிகாலையில் மழை. கம்பெனி வேன் தாமதம். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே.

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளை நானே நம்ப மாட்டேன்.

திலகா வந்தாள். பிரிண்டர் சரியாகிவிட்டதாம், பட்டியலிலிருந்து அடித்துவிடலாமாம்.

“என்ன ஆச்சு அதுக்கு?”

“சரஸ்வதி பூஜைக்கு அப்பறம் லேபிளே எடுக்கலீங்க மேடம். நம்பர் மாறிருச்சாமா. பிரபு அண்ணன் கடையில இருக்கற பொண்ணு போன்ல சொல்லுச்சுங்க. பிரிண்டர்ல ஒரு பட்டனை அமுக்குனா நம்பர் அடிச்ச சீட்டு வருமாமா. அந்தப் புது நம்பரைக் கம்ப்யூட்டர்ல போட்டேன், எடுத்துருச்சுங்க.”

“எந்த நம்பர் மாறுச்சு?”

“ஐ.பி.ங்க மேடம்.” என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “பிரிண்டருக்கும் இருக்குமாமா.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“மாறாதுன்னாரே பிரபு.”

“மாறிருச்சுங்களே.”

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஈரத் தலையோடு வந்தார்.

“பூஜைக்கு நெட் பெட்டியைக் கழட்டினீங்களா?”

“எல்லாத்தையும் கழட்டித் தொடைச்சமுங்க. மெஷினு, கத்தரிக்கோலு, கம்ப்யூட்டரு, ஒண்ணு விடாம. அந்தப் பொட்டிக்கும் சந்தனம் வெச்சமுங்க. கொஞ்சம் தண்ணியாட்டப் போயிருச்சு. ஓட்டை வழியா உள்ள எறங்கிருச்சுங்களாட்ட இருக்குது. மூணாந் தேதி ஆன் பண்ணா உசுரே இல்ல.”

“அப்புறம்?”

“வெளிய கடைக்குப் போயி வேற ஒண்ணு வாங்கியாந்து மாட்டிட்டனுங்க. நெட்டு வந்துருச்சு. யாருமே கேக்கலீங்களே.”

“பழசு?”

“ஸ்டோர்ல கெடக்குதுங்க. பொட்டோடவே.”

போய்ப் பார்த்தேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில். நடுநெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து, வெடித்து. சிரிப்பு வரவில்லை.

பிரபுவை வரச் சொன்னேன். மழையில் நனைந்துகொண்டு வந்தார். பழைய பெட்டியைக் கையில் வாங்கினார். திருப்பினார். 

“இது யாருங்க மாத்துனது?” என்றார்.

“உங்களுக்குத் தெரியாதா?”

“கடைக்குப் போன் வந்திருக்கும், பொண்ணு பாத்திருக்கும். நான் ஊர்ல இல்லீங்க, குலதெய்வம் கோயிலு.” பெட்டியை மேசையில் வைத்தார். “புதுப் பொட்டிக்கு யாரையும் தெரியாதுங்க மேடம், மெஷின் பழைய நம்பரைக் கேட்டாலும் அதையே குடுக்கோணும்னு இல்ல. அன்னிக்குக் காலையில முன்னப்பின்ன ஆன் பண்ணுன வரிசைக்கு, அதுபாட்டுக்கு நம்பர் குடுத்திருக்கும்.”

“அப்போ செப்டம்பர் 25 அன்னிக்கு 37 யாருது?”

“பழைய பொட்டிக்குத்தான் தெரியுமுங்க.”

“அதைக் கேட்க முடியுமா?”

தலையை ஆட்டினார். முடியாது. உள்ளே பச்சை பூத்திருக்கிறது. அதோடு, அணைந்தால் அந்தக் கணக்கு அழிந்துவிடும் வகைப் பெட்டி.

“நான் திங்கக்கெழம அந்தப் புள்ள முன்னாடி…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

இப்போது எனக்குத் தெரிந்தது, தெரியாதது:

இன்றைய 37 ஷா.வுடையது. உறுதி.
அன்றைய 37 யாருடையது? தெரியாது. அவளுடையதாகவும் இருக்கலாம். கட்டிங் ஆபீஸாக இருக்கலாம். மு.வின் அறையாக இருக்கலாம். என்னுடையதாகவும்.
ஷா. செய்யவில்லை என்பதற்கு இது சாட்சி இல்லை. செய்தாள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி இல்லாமல் போயிற்று.

இவை இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒருத்தியை வெளியே அனுப்ப, செய்யவில்லை என்பதற்குச் சாட்சி இல்லாதது மட்டும் போதாது.


அக். 10, வெள்ளி

தூறல். மு. அறையில் ஏ.சி. அதிகம், புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். சாமி படத்துக்குப் புதுப் பூ.

கடிதம் கேட்டார். இல்லை என்றேன். சொன்னேன், பெட்டியிலிருந்து ஆரம்பித்து. பாதியில் போன் வந்தது, அவர் தென்னந்தோப்பிலிருந்து, தேங்காய் வெட்டு. முடித்துவிட்டு, “இந்தக் கம்ப்யூட்டர் சமாசாரமெல்லாம் எனக்கு ஏறாதுங்க மேடம்” என்றார்.

“சரிங்க சார். கேட்டுல டோக்கன் கொடுக்கறோமே, கான்ட்ராக்ட் ஆளுகளுக்கு.”

“ஆமா.”

“எப்படிக் கொடுக்கறோம்?”

“வர்ற வரிசைக்கு.”

“போன வாரம் 37 டோக்கன் வாங்குன ஆள் ஒரு மெஷினை ஒடச்சிட்டாரு. இன்னிக்குக் கேட்டுல போய், 37 யாருன்னு கேட்டு, அவரைப் பிடிச்சு வெளிய அனுப்புனா?”

மு. நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கணக்கு அவருக்கு நன்றாகவே ஏறும். பத்தாவதோடு நின்றவர், நூல் விலையை மனசில் பெருக்கிச் சொல்வார்.

“பூஜைக்கு முன்னாடி டோக்கன் வேற, பின்னாடி வேற.”

“ஆமாங்க.”

“அப்ப யாருங்க செஞ்சது?”

“தெரியாதுங்க.”

“எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“முடியாதுங்க சார்.”

“தெரியாது, முடியாதுன்னா பையருக்கு என்ன எழுதுவீங்க? அந்தக் கட்டத்துல?” குரல் இப்போதுதான் ஏறியது. “அவன் பேரு கேக்கறான். பேரு இல்லாட்டி அடுத்த சீசன் ஆர்டரு வேறவங்களுக்கு. நானூறு குடும்பம் இருக்குதுங்க இங்க.”

“தப்பான பேரை எழுதறதுக்கு, யாரு வேணும்னாலும் திறக்கற மாதிரி ஃபைலை வச்சிருந்தோம், அது நம்ம தப்புன்னு எழுதலாமுங்க. அது நிஜம்.”

 வெளியே ஓவர்லாக் தையல் மெஷின் சத்தம். அவர் பேப்பர் வெயிட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.  பதினெட்டு வருடத்தில் இந்த அறையில் நான் இவ்வளவு பேசியதில்லை.

“சரி. வந்து உக்காரச் சொல்லுங்க,” என்றார் கடைசியில். “நடந்தது நடந்துபோச்சு. அதைப் பத்தி இனி யாரும் பேச வேண்டாம்.”

நன்றி என்றேன். வெளியே வந்த பிறகுதான், எதற்கு நன்றி சொன்னேன் என்று தோன்றியது.

ஷா.வுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.


அக். 11, சனி

மாலையில் ஷா.வின் வீட்டுக்குப் போனேன். பள்ளிவாசலுக்குப் பின்னால், குறுகலான சந்து, எல்லா வாசலிலும் வேஸ்ட் துணி மூட்டை. அவள் அத்தா பனியன் கட்பீஸ் வியாபாரம். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “உக்காருங்க மேடம்” என்றார், அதற்குமேல் ஒன்றும் பேசாமல் கடைக்குக் கிளம்பிவிட்டார். கோபம்தான். மரியாதையான கோபம்.

அம்மா டீ கொடுத்தார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஷா. குறுக்கே பேசாமல் கேட்டாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“திங்கக்கிழமை வந்துடும்மா. சார் சொல்லிட்டார்.”

“எங்க வெச்சுச் சொன்னாருங்க?”

“என்கிட்ட. அவர் ரூம்ல.”

“என்னைய எங்க வெச்சுச் சொன்னாருங்க மேடம்?”

காலி டம்ளரைக் கையில் உருட்டினேன்.

“எல்லார் முன்னாடியும்தானுங்களே. வடநாட்டுப் பசங்க வரைக்கும் நின்னு பாத்தாங்க. எங்க சித்தி மக வேற கம்பெனியில செக்கிங். சாயந்தரமே அவளுக்குத் தெரிஞ்சிருச்சு. ரூமுக்குள்ள சொன்னது யாருக்குங்க தெரியும்? மன்னிச்சு எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்வாங்க. செய்யாததுக்கு என்னத்துக்குங்க மன்னிப்பு?”

“அவர் முதலாளி. பெரிய மனுஷர். அப்படியெல்லாம்…”

“நீங்க நம்புறீங்களா மேடம், நான் செய்யலைன்னு?”

உண்மையைச் சொன்னேன். அதைத் தவிர வேறு தெரியாது. “நம்பறது எனக்கு வராதும்மா. உன் பேர்ல எந்த ஆதாரமும் இல்லைன்னு எனக்குத் தெரியும்.”

அவள் முகம் சுருங்கியது. அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. அடியாவது அடித்திருக்கலாம் நான்.

பிறகு அவளே, “சரிங்க மேடம்,” என்றாள். “நம்பிக்கை நான் கேக்கலீங்க. சொன்ன எடத்துல, சொன்ன ஆளுங்க முன்னாடி, அது தப்புன்னு சொல்லோணும். சொன்னா வர்றேன். இல்லாட்டி இல்லைங்க.”

பஸ்ஸில் வரும்போது, இந்தப் பெண் அதிகம் கேட்கிறாள் என்று நினைத்தேன். புஷ்பா தியேட்டர் நிறுத்தத்தில் நெரிசல், தீபாவளிக் கூட்டம். வீட்டை அடைவதற்குள் அப்படித் தோன்றவில்லை. சொன்ன இடத்திலேயே திருத்த வேண்டும் என்கிறாள். பாடத்தில் பிழை விட்டால் நானும் கரும்பலகையில்தான் திருத்தினேன், ஆசிரியர் அறையில் அல்ல.

அவளுக்கு நம்புகிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்? தெரியவில்லை. வாயில் வரவில்லை.


அக். 12, ஞாயிறு

துவைத்தது. காயவில்லை.

மு.வுக்குப் போன். தோப்பில் இருந்தார், பின்னால் மட்டை விழும் சத்தம்.

“அதெல்லாம் வேண்டாமுங்க மேடம். முதலாளி நின்னு தப்புன்னு சொன்னா நாளைக்கு ஒருத்தன் மதிப்பானா? சும்மா வந்து உக்காரச் சொல்லுங்க. தீபாவளிக்கு ரெண்டு துணி சேத்துக் குடுத்தர்லாம்.”

“துணி கேக்கலீங்க சார் அவங்க.”

“பிடிவாதக்காரப் புள்ளையா இருக்குது.”

“அப்போ நான் சொல்லட்டுங்களா? நீங்க பக்கத்துல நின்னா போதும்.”

“நீங்களா?” உண்மையாகவே ஆச்சரியம். “நீங்க மைக்குன்னாலே ஓடுவீங்களே.”

“மைக் வேண்டாமுங்க.”

மட்டைச் சத்தம். யாரையோ பார்த்து, “டேய், பாத்துப் போடுடா,” என்றார். பிறகு என்னிடம், “என்னமோ பண்ணுங்க,” என்றார். சம்மதமா, சலிப்பா, புரியவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஷா.வுக்குச் செய்தி அனுப்பினேன். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். நீளம். அடித்தேன். இன்னும் நீளம். விட்டுவிட்டேன்.


அக். 13, திங்கள்

மழை இல்லை. நல்ல வெளிச்சம்.

ஷா. வந்துவிட்டாள். அத்தா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார், கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி இறங்காமலே உட்கார்ந்திருந்தார். அவள் சாம்பிள் பகுதிக்கு வந்து, தன் இடத்துக்குப் போகாமல், வழியிலேயே நின்றாள். பை தோளிலேயே.

மு. வந்தார். எல்லோரையும் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. மெஷினை நிறுத்தச் சொன்னார் மு. அது உதவி.

சொன்னது இவ்வளவுதான்:

“போன திங்கக்கிழமை இங்க வச்சு, கை அளவை மாத்துனது ஷாகிரான்னு சொன்னோம். கம்ப்யூட்டர் நம்பரை வச்சு அப்படிச் சொன்னோம். அந்த நம்பருங்க எல்லாமே பூஜைக்கு அப்புறம் புதுசாக் குடுத்தது. அது தெரியாமப் பார்த்தது எங்க தப்பு. ஷாகிரா செஞ்சாங்கன்னு சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்லை. அன்னிக்கு இல்லாததைச் சொல்லிட்டோம்.”

பிரபுவும் வந்திருந்தார், நான் அழைக்கவில்லை. “என்ர தப்புங்க,” என்றார், தரையைப் பார்த்து.

கட்டிங் மாஸ்டர்: “அப்படின்னா செஞ்சது யாருங்க மேடம்?”

“தெரியாதுங்க மாஸ்டர். இனித் தெரியவும் தெரியாது. நானாக்கூட இருக்கலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு பார்க்காமல் இருந்தார்கள். ஒருத்தி மேல் இருந்தது எல்லோர் மேலும் வந்து உட்கார்ந்தது. கனமாகத்தான் இருந்தது.

ஷா. நகரவில்லை. மு.வையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசியது போதவில்லை. அது எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. தொண்டையைக் கனைத்தார். சட்டைப் பையில் எதையோ தேடினார், கிடைக்கவில்லை.

“நான் சொன்னது தப்பும்மா,” என்றார். “உக்காரு.”

“சரிங்க சார்.”

உட்கார்ந்தாள். வாசலில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது, யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஹிந்தியில் ஒரு பையன் ஏதோ கேட்க, இன்னொருவன் பதில் சொன்னான். மெஷின்கள் ஓட ஆரம்பித்தன.

மதியம் வரை அவளிடம் யாரும் பேசவில்லை. மகளுக்கு இவள் ரத்தம் கொடுத்த செக்கிங் அக்கா ஒருமுறை தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

பையருக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன், இரண்டாம் கட்டத்தில் யார் பெயரும் இல்லாமல், கோப்பைத் திறந்து போட்டது எங்கள் தப்பு என்று. என்ன சொல்வார்களோ.

சாப்பாட்டு வேளையில் ஷா. என் அறை வாசலில் நின்றாள், டிபன் பாக்ஸோடு. “இங்க சாப்பிடலாமுங்களா மேடம்?” கோப்புகளை ஒதுக்கினேன். இந்த மேசையில் யாரும் என்னோடு சாப்பிட்டதில்லை.

டப்பாக்களைத் திறந்தோம். பிறகு, “தீபாவளி கழிஞ்சா வேற எடம் பாத்துக்குவேனுங்க மேடம். ஒரு எடத்துல கேட்டிருக்காங்க,” என்றாள்.

“இப்பத்தானே எல்லாம் சரியாச்சு. இப்ப ஏன்?”

“இப்பங்கறதாலதானுங்க. போன வாரம் போனப்ப தொரத்துனாங்க. இப்பப் போனா, நானாப் போறேனுங்க.”

கேட்காமலே என் டப்பாவிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.